சாவி கையில் இருந்தும் நிற்காத இன்ஜின்

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் கதவு பொருத்தும் லைனில் வேலை செய்கிறேன். என்னிடம் இருப்பது பதினான்கு வருடப் பழைய டர்போ டீசல் கார். சில வாரங்களாகவே நீலப் புகை கக்கியது. இன்ஜின் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தது. நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். தினமும் கார் செய்கிறவனுக்கு மெக்கானிக் எதற்கு என்ற திமிர்.

அன்று முதல் ஷிப்ட் முடிந்து, லைன் நண்பன் செல்வத்தோடு வடக்குப்பட்டு அருகே போகும்போது, பின்னால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. ஓரங்கட்டிச் சாவியைப் பிடுங்கினேன். இன்ஜின் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரில் கால் இல்லை, ஆனாலும் அலறிக்கொண்டு வேகமெடுத்தது.

“இன்னாபா, சாவி உன் கையில கீது, இன்ஜின் தானா ஓடினுகீது!” என்று செல்வம் வெளியே குதித்தான்.

பின்னால் வந்த கம்பெனி பஸ் டிரைவர் ஓடிவந்து, “டாப் கியரப் போட்டு, பிரேக்க அமுத்திக்கினு கிளட்ச்ச விடுய்யா!” என்று கத்தினார். விட்டேன். வண்டி குலுங்கி அடங்கியது.

இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் சீல் தேய்ந்து, கசிந்த ஆயிலையே டீசல்போல் குடித்து இன்ஜின் ஓடியதாக மெக்கானிக் சொன்னார். அத்தனையும் நான் ஊற்றிய ஆயில்.

இப்போதெல்லாம் துளி நீலப் புகை தெரிந்தாலும் வண்டியை எடுப்பதில்லை. வீட்டு வாசலில் வண்டியை அணைத்த பிறகும் உடனே இறங்க முடிவதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் உண்மையிலேயே அடங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.