பாய் விற்காத ரேஸ் பைக்

கண்ணுகளா, போன மழைக்காலம் முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் பைக் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு வந்து நின்றேனே, ஏன் என்று அன்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கே புரிந்திருந்தால்தானே சொல்ல!

சேலத்துக் காலேஜுக்குப் போய்வரப் பெரியவன் ஆசைப்பட்ட வண்டி. நம் மலையில் ஒண்டிக்கடைப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், தான் ஓட்டியதை விற்கப்போவதாகச் சொன்னார். ஓட்டிப் பாருங்கள் என்று அவரும் பின்னால் ஏறிக்கொண்டார். ஹேண்டில் தாழ்ந்திருந்ததால் குனிந்து கழுத்தை நீட்டினேன்.

“ஏனுங்க, ஆமையாட்டம் போறீங்க?” என்று சிரித்தார்.

கிளியூர்ச் சரிவு வந்தது. நம் மலையில் இறக்கம் வந்தால் என்ன செய்வோம்? பெட்ரோல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு போவோம். பழைய வண்டியில் இத்தனை வருஷப் பழக்கம். கால் தானாக நியூட்ரலுக்குத் தள்ள, கை சாவியைத் திருப்பிவிட்டது.

இதுவோ நல்ல கனம். இஞ்சின் பிடிப்பு விட்டதும் பாய்ந்தது.

“ஏனுங்க ஆஃப் பண்ணுனீங்க! அய்யோ, பிரேக்கு, பிரேக்கு!”

அழுத்தினேன். வளைவில் சக்கரம் சறுக்கி, வண்டி மண்மேட்டில் முட்டி நின்றது. அந்த மேடு இல்லையென்றால் பள்ளம்தான்.

இருவரும் சிராய்ப்போடு தப்பினோம். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“உங்களுக்கு விக்கலீங்க.”

“நான் ஓட்டப்போறதில்லீங்க பாய், பையனுக்குத்தானுங்க.”

“பையன் யாரைப் பாத்து ஓட்டப் பழகுனானுங்க?”



திட்டவும் இல்லை அவர். டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். அடுத்த வாரமே அந்த வண்டியை வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் என்னை அவமானப்படுத்தினாரா, நம் வீட்டைக் காப்பாற்றினாரா? கோபப்படுவதா, கும்பிடுவதா? இன்றும் எனக்குக் குழப்பம்தான்.

வண்டி சறுக்கிய மறுநாளே உங்களிடம் சொல்லாமல் அந்தச் சரிவுக்குத் தனியாகப் போனேன். பெரியவனைப் பின்னால் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை உருட்டி இறங்கிய ரோடு. என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருப்பான் என்று அப்போதுதான் உறைத்தது. என் பழைய வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு, முதல்முறையாக அந்த இறக்கத்தைக் கால்நடையாக, மெதுவாக, அடிவரைக்கும் இறங்கிப் பார்த்தேன்.