ஒரு சொல் விடாமல்

மைக்கைக் கையில் வாங்கிய டீக்கடை அக்கா, பேசுவதற்கு முன் அதை முந்தானையால் ஒருமுறை துடைத்தார். கலைஞர்களும் ஊர்மக்களும் நேருக்கு நேர் பேசவேண்டும் என்று எங்கள் கலை அமைப்பு அடி அண்ணாமலையில் நடத்திய கூட்டம் அது. பிரான்ஸிலிருந்து வந்த பெண் ஓவியர் ஒருவர், கிரிவலப் பாதையோரச் சுவரில் அக்காவின் முகத்தை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார். அக்காவும் சம்மதித்து மூன்று நாள் அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பது என் வேலை.

“பவுர்ணமிக்கு வந்தவங்க என்னை ஏதோ சாமின்னு நெனச்சுட்டாங்க போல. ஆணி அடிச்சு என் படத்துக்கு மாலை போட்டுட்டாங்கனு இந்தம்மாகிட்ட சொல்லும்மா” என்றார் அக்கா. அதற்குமேல் சொல்ல வாய் வராமல் மைக்கை என்னிடம் நீட்டினார்.

ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஓவியரின் கண்கள் கலங்கிவிட்டன. எழுந்துவந்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கு வந்த அன்று அவருக்கும் மாலை போட்டுத்தான் வரவேற்றிருந்தோம். மாலை என்றால் அவருக்கு மரியாதை. உயிரோடிருப்பவர் படத்துக்கு நாங்கள் மாலை போடுவதில்லை என்று நான் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சொன்னதை மட்டும் சொல் என்பது எனக்குக் கற்பித்த விதி. யோசிப்பதற்குள் எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை நான் அந்தச் சுவர்ப்பக்கம் போனபோது, அக்கா ஸ்டூல்மேல் ஏறித் தன் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். “பெங்களூர்ல இருக்கிற என் பையனுக்கு மாலையப் பாத்துட்டு எவனோ போன் பண்ணி, அம்மா எப்ப தவறினாங்கனு கேட்டிருக்கான். புள்ள அழுதுட்டான். அத்தினி பேர் முன்னாடி இத எப்படிம்மா சொல்றது?” என்றார், திரும்பாமலே.

ஓவியரிடம் சொன்னேன். அன்று மாலையே அவர் கிளம்பிவிட்டார். எங்கள் அமைப்பின் இயக்குநரோ, ஊர் தன் பதிலைச் சொல்லிவிட்டது, உரையாடல் என்றால் இதுதான் என்று அறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன். அது உரையாடலா, உரையாடல் நடக்காமல் போனதா என்று எழுதும்போதும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போனால் இப்போதும் அக்கா கடையில்தான் டீ குடிக்கிறேன். போன வாரம் டம்ளரை நீட்டியபடியே கேட்டார்.

“அன்னிக்கு நான் சொன்னத அந்தம்மாகிட்ட அப்படியே சொன்னியாம்மா?”

“அப்படியேதான் சொன்னேன்க்கா.”

தலையாட்டிவிட்டு அடுத்தவருக்கு டீ ஆற்றத் தொடங்கினார். நான் சொன்னது பொய்யில்லை. அதை ஏன் அவர் முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.