தாழ்ப்பாள் போட்டுக் குளித்த ராஜாமணி அக்கா

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண வீட்டில் காலைப் பந்திக்கு உட்காரப் போன நேரத்தில், துடியலூரிலிருந்து செந்தில் போனில் அழைத்தான். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றான். அவனுடைய அம்மா ராஜாமணி அக்காவும் நானும் ஒரே மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றியவர்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சாப்பிடாமல் பஸ் ஏறினேன், வழியெல்லாம் அழுதேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணவர் போன பின் ஒற்றை ஆளாகப் பையனை வளர்த்தவர். கம்பெனியில் கம்பி உருளையைத் தூக்கித்தர யாராவது வந்தால், "ஏனுங்க, எனக்குக் கையில்லீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். வீம்பு என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன!

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கண்ணாடி மாதிரி பளபளக்கும் பெரிய பெரிய டைல்ஸ் போட்டிருந்த தரை அது. ஆபரேஷன் முடிந்து, கைத்தடியோடு நடக்கத் தொடங்கியபோது, குளிப்பாட்டிவிட ஓர் அம்மாவை செந்தில் ஏற்பாடு செய்தான். கூடவே குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டான். அவன் பயம் அவனுக்கு.

"அந்தப் புள்ள நல்லாத்தான் தேச்சு உடறா, குத்தஞ் சொல்லல. ஆனா எம் மேலை நாந்தான் கழுவோணும் அம்மணி" என்று என்னிடம் சொன்னபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது. நான் அதற்கு முன் பார்த்திராத கண்ணீர்.

வழுக்காத தரை போட்டுவிட்டால் தனியாகக் குளிக்கலாம் என்று, டைல்ஸ் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், காசளவு சதுரங்களாக இருந்த மொசைக்கைத் தேர்ந்தெடுத்தார். சின்னச் சின்னத் துண்டுகளைப் பின்பக்கம் ஒரு வலையில் ஒட்டி, தாள் தாளாக விற்கிறார்கள். துணி போல வளையும். தண்ணீர் ஓடும் வாட்டத்துக்குத் தக்கபடி படியும். துண்டுகளுக்கு நடுவே இடுக்குகள் நிறைய இருப்பதால் கால் வழுக்காது. கொத்தனார் பழைய தரையைப் பெயர்த்து, நீர் கசியாமல் பூசி, வாட்டமும் கொடுத்துவிட்டு, சொந்தக்காரர் விசேஷம் என்று ஊருக்குப் போய்விட்டார். அக்காவுக்கா பொறுக்கும்? "காயில் சுத்துன கைக்கு இது ஒரு வேலையா? ஒட்டிப்போடலாம் வா" என்றார்.

குளியலறை வாசற்படியில் நாற்காலி போட்டு அக்கா, ஷவருக்கு அடியில் மண்டியிட்டு நான். முதல் தாளைக் கையில் எடுத்த அக்கா, வலையைப் பேக்கிங் என்று நினைத்து, ஸ்டிக்கரை உரிப்பதுபோல உரித்துவிட்டார். அத்தனை துண்டுகளும் பொலபொலவென்று அவர் மடியில்! கொத்தனாருக்குப் போன் போட்டால், "அய்யோ, வலையோட சேத்துத்தானுங்க பசையில ஒட்டோணும்" என்று அலறினார். அக்கா துளியும் அசரவில்லை. "செரி உடுங்க, இத ஓரத்துக்கு ஒண்ணொண்ணா வெச்சுக்கறோம்" என்று போனை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார் பாருங்கள், கூடச் சிரித்து எனக்கு வயிறே வலித்துவிட்டது.

பசையைத் தடவி, தாளை விரித்து, மேலே பலகை வைத்துத் தட்டிச் சமன் செய்தேன். இடுக்கில் பிதுங்கிய பசையை ஈர்க்குச்சியால் சுரண்டினேன். இரண்டு தாள்கள் சேருமிடத்தில் இடைவெளி கொஞ்சம் அகன்று கோடாகத் தெரிந்தது. "எடுத்துப்போட்டு மறுக்கா ஒட்டு கண்ணு" என்றார். முட்டி வலியில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்களே வந்து ஒட்டுங்க!" என்றேன்.

"நானே ஒட்டற மாதிரி இருந்தா உன்னையக் கூப்புடுவனா? எங் காலு நிக்கப்போற எடம். நல்லா இருக்கோணுமல்ல?"

பெயர்த்து, மறுபடி ஒட்டினேன்.

பசை இறுகி, இடுக்குகளை அடைத்து, அதுவும் காய்ந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். ஒரு சொட்டுக்கூடத் தேங்காமல் ஓடியது. சுவரில் கைப்பிடிக் கம்பியும் மாட்டியாயிற்று. "இப்ப அந்தத் தாழ்ப்பாள மாட்டு" என்றார் செந்திலிடம். அவன் தயங்கினான். அக்கா நகரவில்லை. மாட்டினான். அக்கா உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ள, நாங்கள் கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஈரத்தலையோடு வெளியே வந்தவர், "என்னத்தை வேடிக்கை பாக்கறீங்க? காப்பி வெய்யுங்க" என்றார். குளிப்பாட்டிவிட வந்த அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதன்பின் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் தப்ப முடியாது. தரையில் தண்ணீரை ஊற்றி, "ஏறி நில்லுங்க, வழுக்குதான்னு பாருங்க" என்பார். "நாங்களே ஒட்டுனது" என்று சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த மிடுக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. கடைசிவரை தனியாகத்தான் குளித்தார்.

நான் துடியலூர் போய்ச் சேர்ந்தபோது பந்தலடியில் குடங்களில் தண்ணீர் நிறைத்து, மறைப்புக்குப் புடவை பிடித்து நின்றார்கள். அக்காவின் மூத்த சகோதரி கையில் சீயக்காய். எனக்குத் தாங்கவில்லை. "அவங்களக் குளிப்பாட்டாதீங்க" என்று கத்திவிட்டேன். "அதெப்படிங்க, மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல?" என்றார் அந்தப் பெரியம்மா.

செந்தில் எழுந்து வந்தான். "பெரியம்மா, காலைல அம்மா அவங்களே குளிச்சுப்போட்டு வந்துதான் நாற்காலில உக்காந்தாங்க. காப்பி கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாங்க. எண்ணெயத் தொட்டு வெச்சாப் போதுங்க" என்றான்.

பெரியம்மா அவனையே பார்த்தார். பிறகு சீயக்காயைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, ஒரு சொட்டு எண்ணெய் வைத்தார். கூந்தல் இன்னும் ஈரமாக இருந்தது.

போய் வாருங்கள் அக்கா. உங்களை யாரும் குளிப்பாட்டவில்லை.