அக்காவுக்குச் செய்த கைப்பிடி

எங்கள் மாமா பிரேக் இல்லாத சைக்கிளில் காஜா பெராங் சாலையில் வந்து, ஒரு சீனரின் காய்கறித் தள்ளுவண்டிக்குள் புகுந்து, தலையில் காங்கோங் கீரையோடு வீடு திரும்பியதற்கு நான்தான் காரணம். முன் பிரேக் எப்போதோ ஒடிந்து போயிருந்தது. பின் பிரேக்கைப் பிடிக்கப் போய், விரல்கள் வெறும் காற்றைப் பிடித்த பிறகுதான் அதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்ததாம். "எவனோ திருடிட்டுப் போயிட்டான்லா!" என்று அவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது, அந்தப் பிரேக் பிடி என் பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தது.

மெர்டேக்கா வரப்போகிறது, மலாயாவுக்குச் சுதந்திரம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடம் அது. மலாக்காவில், ஜாலான் பெண்டஹாராவில் தையல் கடை வைத்திருந்த அப்பாவுக்குக் கொடி தைத்து மாளவில்லை. வெட்டிய துணிகள் வீட்டுக்கும் வரும்; அம்மாவும் அக்காவும் ஓரம் மடித்துத் தைப்பார்கள். எனக்கு வயது ஒன்பது. நூல் தீர்ந்த மரக்கட்டைகளைப் பொறுக்கி வைப்பது மட்டுமே எனக்கு ஒதுக்கப்பட்ட தேச சேவை.

அப்போதுதான் கிளேபாங் போகிற வழியில், கடலோரத்து வெட்டவெளியில் ராட்டினமும் விளையாட்டுக் கூடாரங்களுமாக ஃபன்ஃபேர் போட்டார்கள். எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அக்காவையும் என்னையும் அழைத்துப் போனார். ராட்டினம் இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை. கடல் வற்றிப் பின்னால் போயிருந்தது. ஈரச் சேற்றின் மேல் வெயில் படுத்துக் கிடந்தது. அந்த அரைத்தூக்க நேரத்தில் ஒரு கூடாரத்துக்குள் நுழைந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தகர மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றிருந்தார்கள்.

பெட்டியின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கைப்பிடி. காசு போட்டுக் கைப்பிடியை முன்னே தள்ளினால் தகர மனிதன் ஓரடி வருவான், இழுத்தால் பின்வாங்குவான். கைப்பிடியில் இருந்த விசையை அழுத்தினால் அவன் முஷ்டி நீளும். எதிராளியின் தாடையில் சரியாகப் பட்டால், அடி வாங்கியவன் தலை பின்னுக்குச் சாய்ந்து மணி அடிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. எனக்கு அது உயிரைக் கையில் பிடித்துப் பார்ப்பது போல இருந்தது. இங்கே என் விரல் அசைய, அங்கே கண்ணாடிக்கு அப்பால் ஒருவன் அசைகிறான்! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மயக்கம் வருகிறது.

அக்கா அதுவரை அதிர்ந்து பேசாதவள். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பற்றியவள், மாமாவை நான்கு முறை வீழ்த்தினாள். சுற்றி நின்ற சீனப் பையன்கள் கைதட்டினார்கள். அக்கா தலையைப் பின்னால் எறிந்து சிரித்தாள். அவளுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மாமா வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்தார். "வயசுக்கு வந்த பொண்ணு கும்பல்ல நின்னு குத்துச்சண்டையா?" என்றாள் அம்மா. அதோடு ஃபன்ஃபேர் முடிந்தது. அக்கா கொடித் துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானே ஒன்று செய்து தருவதென்று முடிவெடுத்தேன்.

அடுத்த வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம் ஒன்று, நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய மலாயுமாக வாழ்ந்துவந்தது. அவர்கள் வீட்டுப் பின்புறம் கிடந்த தேயிலைப் பெட்டியைக் கேட்டதும் கொடுத்தார்கள். பிஸ்கட் டின்னை வெட்டி இரண்டு பயில்வான்களைச் செய்தேன். வெட்டியதில் என் விரலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. ஆளை நிறுத்தியாயிற்று, தலையைச் சுருள் கம்பியில் பொருத்தியாயிற்று. கைப்பிடிதான் வசப்படவில்லை. அகப்பைக் காம்பை ஆணியில் கோத்து, முனையில் நூல்கட்டையைக் குமிழாக மாட்டினேன். முன்னும் பின்னும் அழகாக ஆடியது. ஆனால் முஷ்டி நீளக் கயிற்றை இழுக்க வேண்டியிருந்தது. கயிறு ஒருநாள் இழுக்கும், ஒருநாள் தொங்கும்.

பள்ளியில் வாய்ப்பாடு சொல்லும்போதும் என் கை மேசைக்கு அடியில் ஏதோ ஒன்றை அழுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது, அந்த விசையின் குளிர்ச்சி விரலில் ஊறியது. அப்படி ஒரு சாயங்காலம், வேலியில் சாய்த்து வைத்திருந்த மாமாவின் சைக்கிளைப் பார்த்தேன். ஊரில் மற்ற சைக்கிள்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி பிரேக். மாமாவுடையது மட்டும் வயர் பிரேக். அதில் அவருக்கு அலட்டல் அதிகம். பிடியை அழுத்தினால் உறைக்குள் ஓடும் வயர் எங்கோ பின்னால் ஒரு கட்டையை இழுக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ரகசியம் இத்தனை நாள் எங்கள் வேலியில்தான் சாய்ந்திருந்தது!

வயரை நூல்கட்டையின் மேல் ஓடவிட்டுப் பயில்வானின் தோளில் கட்டினேன். கை திரும்பி வர, பழைய டியூபில் ஒரு துண்டு. அழுத்தினேன். டக்கென்று முஷ்டி நீண்டது, எதிராளியின் தலை சாய்ந்தது. ஒரே ஒரு பிரேக்தான் கிடைத்ததால் எதிர்ப்பக்கத்துக்குக் கயிறே மிஞ்சியது. நல்ல கைப்பிடி அக்காவுக்கு என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். அவளுக்கு மட்டும் ரகசியமாகக் காட்டினேன்.

அக்காவோ வேறு ஒரு கவலையில் இருந்தாள். இங்கிலீஷ் பள்ளியில் படித்து முடித்து, ஆசிரியப் பயிற்சிக்குத் தேர்வு எழுதியிருந்தாள். மெர்டேக்காவுக்குப் பிறகு புதுப் பள்ளிக்கூடங்கள் வரும், அதில் ஒன்றில் தான் டீச்சராக நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை. "கெடைச்சா பாப்போம்" என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். அதற்குள் மாமா ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சிகாமாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. கூடிவந்தால் இரண்டு மாதத்தில் கல்யாணம். பயிற்சியை மறந்துவிட வேண்டியதுதான். மாப்பிள்ளையின் தாயார் மிகக் கண்டிப்பானவர், ஏற்கெனவே இரண்டு பெண்களை வேண்டாம் என்று சொன்னவர் என்று கேள்வி. அக்காவின் நம்பிக்கையெல்லாம் அந்த அம்மாள் மேல்தான் இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று காலை அக்கா என்னைத் தனியாக அழைத்தாள்.

"அந்தப் பெட்டி ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுதுக்கா."

"நடுவுல சிக்கிக்காதே?"

"சத்தியமா சிக்காது."

"நான் கூப்பிட்டா எடுத்துட்டு வரணும், சரியா?" என்றாள். என் நெஞ்சு பூரித்துப் போயிற்று. வெளியூர் விருந்தாளிகள் முன்னால் என் பெட்டியைக் காட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் தாயார், ஒரு பெரியப்பா. பசியாறினார்கள். மாமா காங்கோங் காயத்தில் இன்னும் லேசாக நொண்டியபடி உபசாரம் செய்தார். வழக்கம்போலப் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொண்ணுக்குப் பாடத் தெரியுமா?" என்று கேட்டார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "பாடத் தெரியாதுங்க. குத்துச்சண்டை தெரியும்."

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "பெட்டியை எடுத்துட்டு வாடி" என்றாள் அக்கா. நான் பறந்தேன்.

கூடத்தின் நடுவில் பெட்டியை வைத்ததும் அக்கா சம்மணமிட்டு உட்கார்ந்து பிரேக் பிடியைப் பற்றினாள். மாமாவின் கண்கள் அதன்மேல் நிலைகுத்தின. பிடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பிடியைப் பார்த்தார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் தரகரே கூச்சல் போட முடியாதல்லவா? தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

மாப்பிள்ளை தயங்கி எதிரே உட்கார்ந்தார். அக்கா அவரை மூச்சுவிட விடவில்லை. மூன்று முறை அவர் ஆளின் தலை பின்னால் சாய்ந்தது. "இந்தப் பக்கம் வெறும் கயிறுங்க, அதான்" என்று அவர் சிரித்தார். அக்கா சிரிக்காமல் இடம் மாறி உட்கார்ந்தாள். கயிற்றை வைத்துக்கொண்டே அவரை நான்காவது முறையும் வீழ்த்தினாள். பிரேக் பிடியோ அவர் அழுத்தியபோதும் ஒருமுறைகூட நடுவில் சிக்கிக்கொள்ளவில்லை. நான் பெருமையில் மிதந்தேன்.

"இன்னொரு ஆட்டம் போடலாங்களா?" என்றார் மாப்பிள்ளை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுவரை வாய் திறக்காத அவருடைய தாயார், "நவுருடா" என்று மகனைத் தள்ளிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அந்த அம்மாளும் விசையை அழுத்தி இரண்டு குத்து விட்டுப் பார்த்தார். பிறகு அக்காவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

"எங்க தோட்டத்துல ஆறு மணிக்கெல்லாம் கேட்டைப் பூட்டிருவாங்க. சுத்தி முள்ளுக்கம்பி. ராத்திரி வெடிச்சத்தம் கேட்டா அழுவுற பொண்ணுங்களா ரெண்டு பாத்தோம். வேணாம்னுட்டேன். இந்த மாதிரி ஒரு பொண்ணைத்தாம்மா தேடிக்கிட்டு இருந்தேன்."

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் நீங்காத காலம். காட்டோரத் தோட்டங்களில் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவேதான் குடும்பம் நடத்த வேண்டும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அக்கா அதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டாள். பெரியப்பா வெற்றிலைத் தட்டை மாற்றச் சொன்னார். அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மாமா என்னை மன்னித்தே விட்டார்.

எல்லோரும் போன பிறகும் அக்கா பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய் ஒட்டிக்கொண்டேன். என் தலையைக் கோதியபடி, "ஏண்டி இவ்ளோ நல்லா செஞ்ச?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தான்கா" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும், எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் பண்ணிவைத்ததே நான்தான் என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

சில வாரம் கழித்து, முகூர்த்தப் புடவை எடுக்க எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த காலையில், அக்கா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கிணற்றடியில் நின்று படித்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"கெட்டித் தாளா இருக்கு. உன் பொம்மைக்கு ஆவும், வச்சுக்க."

நான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை. இங்கிலீஷ் எழுத்துகள் எனக்கு எறும்பு வரிசை. ஆனால் தாளின் தலையில் அச்சடித்திருந்த அரசாங்க முத்திரை கண்ணைப் பறித்தது. என் சண்டையில் குறையாக இருந்தது ஒரு நடுவர்தான். முத்திரை அவர் நெஞ்சில் பதக்கம் போல வரும்படி பார்த்துப் பார்த்து வெட்டி, இரண்டு பயில்வான்களுக்கும் நடுவில் நிறுத்தினேன். அக்காவை இழுத்துவந்து காட்டினேன்.

"நல்லா இருக்கான்" என்றாள். "யார் பக்கமும் சாயாம நிக்கிறான்." சட்டென்று திரும்பி வாசலுக்குப் போய்விட்டாள்; புடவைக் கடைக்குப் போகிற அவசரம் என்று நினைத்தேன்.

மறு வருடம் எனக்கும் இங்கிலீஷ் ஆரம்பித்தது. எழுத்துக் கூட்டத் தெரிந்ததும், கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற கிறுக்குப் பிடித்தது. அப்படி ஒரு மழைநாளில், முத்திரைக்குக் கீழே நடுவரின் வயிற்றில் இருந்த வரிகளை விரல் வைத்துப் படித்தேன். அக்காவின் பெயரை என் கத்தரிக்கோல் பாதியில் அறுத்திருந்தது. பயிற்சிக்கு வந்து சேர வேண்டிய தேதி மட்டும் முழுதாக இருந்தது.