பஸ் நின்றால்தான் எழுதுவாள்

கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரி அவள். சூளகிரியில் ஏறுவாள். நீல யூனிபார்ம், மடியில் ஒரு நோட்டு. பஸ் ஓடும்போது பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பாள், நின்றால்தான் எழுதுவாள். பாரூர் ஏரியில் முங்கி, பழைய காலத்தில் எழுந்திருக்கிற ஒரு பெண்ணின் கதை. இப்போது இரண்டாம் பாகம். மூன்றாம் வகுப்பையே மூன்று பாகமாகப் படித்தவன் நான். என்னிடம்தான் அந்தக் கதையைச் சொல்வாள்.

ஒருநாள் கதை நகரவில்லை. ஏரியிலிருந்து எழுந்த பெண் தன் அம்மாவைப் பள்ளிக்கூடப் பிள்ளையாகப் பார்க்கிறாள். அவளுக்கு நடக்கப்போகிற கல்யாணத்தைத் தடுத்தால் அம்மா மேலே படிப்பாள். ஆனால் இவள் பிறக்கவே மாட்டாள்.

"அது எங்கம்மாதாண்ணா. அந்தப் பொண்ணு யாரு பக்கம் நிக்கட்டும்?"

"எங்கிட்ட போயி கேக்கறியே! உங்கம்மாவையே கேட்டுப்பாரு பாப்பா."

மறுநாள் ஏறியதும் சொன்னாள்: "கேட்டேண்ணா. 'நீதான் வேணும்'னு டக்குனு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அதையே ரொம்ப நேரம் யோசிச்சிட்டுதான் சொன்னாங்க."

"வருத்தமா?"

"இல்லண்ணா, பாவமா இருந்துச்சு. கதையில கல்யாணத்த நிறுத்திட்டேன்."

"அய்யய்யோ, அப்ப அந்தப் பொண்ணு?"

"பொறக்காட்டி போறா. அம்மா படிக்கட்டும்."

கம்பெனி வாசலில் இறங்கியதும், எதற்கும் இருக்கட்டுமென்று, பெண்கள் வரிசையில் அவள் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.