பெரியப்பாவும் பல் டாக்டர்களும்

என் அண்ணியைப் பிடிவாதக்காரி என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் அதைத்தான் சொல்வேன். அவர்கள் குறையாகச் சொல்கிறார்கள், நான் பெருமையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் ஒரே கடல்மீன் காட்சியகத்தில் வேலை பார்த்தோம். நான் வாசலில் டிக்கெட் கொடுப்பவள். அண்ணி உள்ளே தொட்டிகளைக் கவனித்துக்கொள்பவர். மீன் வாடை தாங்கவில்லை என்று அண்ணன் வீட்டில் மூக்கைப் பிடித்துக்கொள்வார். பஸ் ஓட்டிவிட்டு டீசல் வாடையோடு வரும் மனிதரோடு நான் குடித்தனம் நடத்தவில்லையா என்று அண்ணி கேட்பார். அதோடு அண்ணன் வாயை மூடிக்கொள்வார்.

நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பெரிய பலகை. உயிரினங்களுக்குள் எத்தனை வகை உறவு உண்டு என்று அதில் படம் போட்டு எழுதியிருக்கும். வழிகாட்டி அதை நாள் முழுக்க ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஒன்று இன்னொன்றைத் தின்னும் உறவு. ஒரே இரைக்காக இரண்டு மல்லுக்கு நிற்கும் உறவு. இன்னொன்றின் உடம்பில் தொற்றிக்கொண்டு அதையே உறிஞ்சும் ஒட்டுண்ணி உறவு. ஆமையின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஓசியில் ஊர் சுற்றும் மீனைப் போல, ஒன்றுக்கு லாபம், மற்றதற்கு நஷ்டமில்லை என்ற உறவு. கடைசியாக, இரண்டு பேருக்கும் நன்மை. இந்தக் கணக்கில் நான் எங்கள் சொந்தபந்தம் முழுவதையும் வகை பிரித்து வைத்திருந்தேன். நான்கு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து மழைக்காலம் முடியும்வரை எங்கள் கூடத்தில் படுத்திருந்த சித்தப்பா எந்த வகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பேருக்கும் நன்மை என்பதற்கு உதாரணம், எங்கள் காட்சியகத்தின் பெருமையான பெரிய தொட்டிதான். அதில் ஒரு வயதான களவா மீன் இருந்தது. ஒரு ஆள் நீளம். முகத்தில் எப்போதும் ஒரு சலிப்பு. அதற்குப் பெரியப்பா என்று பெயர் வைத்தது அண்ணிதான். அதே தொட்டியில் விரல் நீளத்தில், உடம்பில் நீலக் கோடு ஓடும் குட்டி மீன்கள் சில இருந்தன. பெரியப்பா ஒரு பாறைக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்கும். குட்டி மீன்கள் அந்த வாய்க்குள் பயமில்லாமல் நுழைந்து, பல்லிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் பேன்களைக் கொத்தித் தின்னும். அவற்றுக்குச் சாப்பாடு, இதற்குச் சுகம். ஒரே வாயில் விழுங்கிவிடலாம், ஆனால் பெரியப்பா விழுங்காது. பல் டாக்டர்கள் என்று நாங்கள் அவற்றைக் கூப்பிடுவோம்.

இதில்தான் அண்ணி ஒரு காரியம் செய்தார். பல் டாக்டர்கள் இளைத்துப்போனது போல் அவருக்குத் தோன்றியது. யார் இளைத்திருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. எனக்கே தட்டில் மூன்றாம் முறை சோறு விழும்போதுதான் சாப்பாடு முடியும். காலையில் கதவு திறக்கும் முன்னால் தொட்டியின் பின்பக்க ஏணியில் ஏறி, பொடியாக நறுக்கிய இறாலை நீளக் கரண்டியில் எடுத்து அவற்றின் வாய்க்கருகே நீட்ட ஆரம்பித்தார். மாலையிலும் அப்படியே. குட்டிகள் கொழுத்தன. கரண்டி வரும் மூலையிலேயே குடியிருக்க ஆரம்பித்தன. இறால் கிடைக்கும்போது பேனை யார் தேடிப் போவார்கள்?

பெரியப்பா பாறைக்குப் பக்கத்தில் போய் வாயைத் திறந்து நிற்கும். யாரும் வரமாட்டார்கள். மூடிக்கொண்டு போகும். மறுபடி வந்து திறக்கும். கொஞ்ச நாளில் செவுள் சிவந்து வீங்கியது. பாறையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணானது. பார்க்க வந்த குடும்பங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தன.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். தொட்டியில் மருந்து கலந்தால் குட்டி மீன்களும் பவளங்களும் சாகும். இந்த வயதில் வேறு தொட்டிக்கு மாற்றினால் பெரியப்பா தாங்காது. மேலாளர் ஒரே நிமிடத்தில் முடிவு செய்துவிட்டார். ஊசி போட்டு முடித்துவிடலாம், அந்த இடத்தில் விளக்கொளியில் மின்னும் ஜெல்லி மீன்களை வைக்கலாம் என்றார். ஏற்கனவே படங்கூடப் பார்த்து வைத்திருந்தார். அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேஜையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

அண்ணி மேஜையைக் கவிழ்க்கவில்லை. நேராக நின்று கேட்டார்.

“தப்பு பண்ணது நான் சார். கரண்டி பிடிச்சது நான். தண்டனையை மட்டும் அதுக்கு ஏன் குடுக்கிறீங்க?”

மேலாளர் ஒரு தாளை நகர்த்தினார். அதில் ஊசிக்கு நாள் குறித்திருந்தது.

அன்றே அண்ணி கரண்டியை நிறுத்தினார். குட்டிகள் பழைய வேலைக்குத் திரும்பும் என்பது அவர் நம்பிக்கை. அவை திரும்பவில்லை. பசியோடு அந்த மூலையிலேயே மேலே பார்த்துக்கொண்டு காத்துக் கிடந்தன. அவை செத்தால் அந்தப் பழியும் உன் தலையில்தான் என்று மற்ற ஊழியர்கள் சொன்னார்கள். அண்ணி வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கரண்டியைத் தொடவும் இல்லை.

ஊசிக்குக் குறித்த நாளில் தொட்டிக் கண்ணாடியில் பாசி சுரண்டும் முறை அண்ணியுடையது. வழக்கம்போல முதுகில் காற்று உருளையை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். வழக்கத்துக்கு மாறாக வெளியே வரவில்லை. மருத்துவர் பையோடு வந்து நின்றார். ஆள் உள்ளே குறுக்கே இருக்கும்போது மீனைப் பிடித்து ஊசி போடுவது எப்படி? மேலாளர் கண்ணாடியைத் தட்டினார். வெளியே வா என்று கையை ஆட்டினார். அண்ணியும் பதிலுக்குக் கையை ஆட்டினார், பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர் வழியனுப்ப வந்தவருக்கு ஆட்டுவது போல. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. நான் டிக்கெட் கவுண்டரைப் பூட்டிவிட்டு ஓடினேன். காற்று தீர்ந்தால் அவர் ஏறி வந்துதான் ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும், மேலாளருக்கும் தெரியும்.

அண்ணியைக் கண்டதும் குட்டிகள் பாய்ந்து வந்து மொய்த்தன. இறால் தரும் கை வந்துவிட்டதே. அண்ணி விரல்களை இறுக மூடிக்கொண்டார். அப்படியே மெதுவாக நீந்திப் போய், வாயைத் திறந்துகொண்டிருந்த பெரியப்பாவின் பக்கத்தில், அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்தார். குட்டிகள் விடாமல் பின்னாலேயே வந்தன. மூடிய கையைக் கொத்தின, முழங்கையைக் கொத்தின, காதைக் கொத்தின. கை திறக்கவே இல்லை. வெகுநேரம் அப்படியே போனது. கடைசியில் ஒரு குட்டி, அலுத்துப்போய், பக்கத்திலிருந்த பெரிய உதட்டில் ஒரு கொத்து கொத்தியது. ஏதோ கிடைத்திருக்க வேண்டும், இன்னொரு கொத்து. பிறகு வாய்க்குள்ளேயே போய்விட்டது. அதைப் பார்த்து அடுத்தது போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

மருத்துவர் பையை மூடினார். இன்றைக்கு வேண்டாம், கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகுதான் அண்ணி மேலே வந்தார்.

மேலாளர் அவரைத் தொட்டிகளிலிருந்து விலக்கி, பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் அறைக்கு மாற்றினார். இனி ஏணிப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. மன்னிப்புக் கேட்டால் யோசிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். குட்டிகளைக் கெடுத்ததற்கு ஆயிரம் முறை கேட்கிறேன், உள்ளே உட்கார்ந்ததற்கு ஒரு முறைகூடக் கேட்கமாட்டேன் என்று அண்ணி பதில் சொல்லி அனுப்பினார்.

பெரியப்பாவின் புண்கள் ஆறின. ஒரு விடுமுறை நாளில் அண்ணியை நானே கூட்டிக்கொண்டு போனேன், டிக்கெட் வாங்கிய கூட்டத்தோடு கூட்டமாக. பெரியப்பா எங்கள் முகத்துக்கு நேராக வந்தது. அண்ணியைத் தாண்டிப் போனது. பாறைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தது. குட்டிகள் உள்ளே போயின. ஒன்றுகூட அண்ணி பக்கம் திரும்பவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

“இவ்வளவு பண்ணீங்களே அண்ணி, ஒரு தடவை திரும்பிப் பார்க்குதா பாருங்க.”

அண்ணியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் குரல் கலங்கவில்லை. கொஞ்சம் தள்ளி, யாரோ விருந்தாளிக்குத் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார் மேலாளர். அவருக்கும் கேட்கும்படியாகத்தான் அண்ணி சொன்னார்.

“அதுங்களுக்குள்ள நான் எதுக்கு? அது உயிரோட இருக்கு, போதும். மறுபடி யாராவது ஊசியைத் தூக்கிட்டு வந்தா நான் மறுபடி இறங்குவேன். அது மீனுக்குத் தெரிய வேண்டாம். சாருக்குத் தெரிஞ்சா போதும்.”