பதினாலாம் நம்பர் கல்

எங்கள் கரையில் மணல் வருஷம் முழுக்க இருக்காது. இடவப்பாதி மழை தொடங்கியதும் கடல் அதை வாரிக்கொண்டு போய்விடும். அடியில் கிடக்கும் உருளைக்கல் அப்போதுதான் வெளியே தெரியும். கடலரிப்பைத் தடுக்க அரசாங்கம் கொட்டிய பாறைகளிலிருந்து உடைந்த சில்லுகள், அலையில் உருண்டு உருண்டு கோழிமுட்டை மாதிரி ஆனவை. ஓணம் கழிந்து கடல் அடங்கினால் மணல் திரும்பி வந்து கல்லை மூடிவிடும். பாறசாலையிலிருந்து வரும் பஸ் திரும்புகிற இடத்தில் நின்று பார்த்தாலே கரை இப்போது கல்லா மணலா என்று சொல்லிவிடலாம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலத்தில் என் மானம் இரண்டு மாதம் அந்தக் கல்லுக்கடியில் கிடந்தது.

கல்யாணம் கழிந்து மூன்றாவது வருஷம். காலையில் கடல் ஏறி வந்தது. பாறைமேல் காயப் போட்டிருந்த வலை சரிந்து கடல் பக்கம் விழுந்துவிட்டது. வீட்டுக்காரர் ஊருக்குள் போயிருந்தார். வலை போனால் சோறு போச்சு என்று நான்தான் இறங்கி இழுத்தேன். வலையைக் காப்பாற்றினேன், அதில் ஒரு கண்கூட அறவில்லை. ஆனால் ஒரு அலை என்னைக் கவிழ்த்துப் போட்டு, கல்லோடு கல்லாக உருட்டிவிட்டது. எழுந்து நின்று கழுத்தைத் தொட்டால் தாலிமாலை இல்லை. எதிரே பாறையில் சிவப்பு மையில் 14 என்று எழுதியிருந்தது, அளவெடுக்க வந்த ஆபீஸ்காரர்கள் எழுதியது. அந்தப் பாறைக்கு நேர் கீழே, கடலைப் பார்த்து இரண்டு எட்டு. அந்த இடம் அன்றே என் மனதில் பதிந்துவிட்டது.

கடல் கொஞ்சம் இறங்கும்போதெல்லாம் அங்கே போய்க் கையால் தோண்டினேன். ஒரு கல்லை எடுத்தால் இரண்டு கல் உள்ளே உருண்டு விழும். பத்து விரல் நகமும் பிய்ந்தது.

நேரம் கெட்ட நேரத்தில் என் அண்ணன் கல்ஃபுக்குப் போக விசாவுக்குப் பணம் தேடிக்கொண்டிருந்தான். அது போதாதா என் மாமியாருக்கு.

"கடல் கொண்டுபோச்சாம். காக்கா கொண்டுபோச்சுண்ணு செல்லல்லியே, அதுவரைக்கும் நல்லது" என்றார்.

வீட்டுக்காரர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எதிரே உட்கார்ந்து, போலீஸ்காரன் மாதிரி நிதானமாக விசாரித்தார்.

"உள்ளத செல்லு எட்டி. அண்ணனுக்குக் குடுத்தியா?"

"இல்ல."

"பின்ன எங்க?"

"பதினாலாம் நம்பர் கல்லுக்குக் கீழ. எத்தற தடவ செல்ல?"

"அப்ப எடுத்துட்டு வா."

அன்று முதல் என் கையால் ஒரு தம்ளர் வெள்ளம் வாங்கிக் குடிக்கவில்லை. சோறு அவருடைய அம்மாவின் கையால். அண்ணன் மாநில எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள எங்கள் அம்மா வீட்டிலிருந்து ஒரு குலை வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தான். அவனை வேலிக்கு வெளியிலேயே நிறுத்திப் பழத்தோடு திருப்பி அனுப்பினார்கள். நான் அடுக்களை ஜன்னல் வழியாக அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தங்கம் வேண்டாம், மாலை வேண்டாம். "நீ சொன்னது உள்ளதுதான்" என்று அந்த வீட்டில் ஒரு வாய் சொன்னால் போதும், அண்ணன் அந்த வேலியைத் தாண்டி உள்ளே வந்தால் போதும். அதற்கு மாலை கிடைத்தாக வேண்டும். அதுவும் மணல் வந்து மூடுவதற்கு முன்னால்.

அண்ணன் பம்பாய் வரைக்கும் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினான். ஏஜெண்டு ஆளையே காணவில்லையாம். பாவம் என்று அழுதேன். அந்தத் திரும்பலும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

ஓணத்துக்கு முன்னால், சிங்க மாதத்தில், மாமியாரின் தம்பி, எங்களுக்கு மாமா, கல்ஃபிலிருந்து லீவில் வந்தார். அங்கே அவருடைய கம்பெனியின் வெள்ளைக்காரச் சாயிப்பு ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையில் உலோகம் தேடுகிற மெஷினோடு அலைவாராம். ஊருக்குப் போகும்போது அதை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். நீளமான கம்பு, நுனியில் ஒரு தட்டு, காதில் மாட்ட ஒரு ஹெட்ஃபோன். நான் போய் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"மக்களே, நீ பேடிக்காத. தங்கம் கெடந்தா இது கத்தும், ஆக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊரே கரைக்கு வந்துவிட்டது. நான் பதினாலாம் நம்பரைக் காட்டினேன். மாமா கேட்கவில்லை. நீரோட்டம் தெற்கே இழுத்திருக்கும், வள்ளம் ஏற்றுகிற இடத்திலிருந்து பார்த்து வரலாம் என்றார். படித்த மெஷின், படித்த பேச்சு. நான் வாயை மூடிக்கொண்டேன். மெஷின் கத்திய ஒவ்வொரு தடவையும் ஊரும் சேர்ந்து கத்தியது. தோண்டினால் வலையில் கட்டும் ஈயக்குண்டு. பிறகும் ஈயக்குண்டு. சோடா மூடி, வளைந்த தூண்டில், ஒரு கரண்டி, ஜெபமாலையிலிருந்து அறுந்த குருசு.

"எலே, கடலுக்க வயித்துல ஒரு பாத்திரக்கடையே உண்டு" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

இரண்டு மணிநேரம் ஆயிற்று. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலையத் தொடங்கினார்கள். மாமா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது. நேராகப் பதினாலாம் நம்பர் பாறைக்குப் போனேன். கடலைப் பார்த்து இரண்டு எட்டு வைத்து, காலால் மிதித்துக் காட்டினேன்.

"இஞ்ச வையுங்க மாமா. இந்த ஒரு எடம் மட்டும்."

வைத்தார். முதல் வீச்சிலேயே மெஷின் அலறியது. கல்லை வாரி வாரிப் போட்டார். முழங்கை வரை கை உள்ளே போயிற்று. வெளியே வந்தபோது விரலில் என் மாலை தொங்கியது, தாலியோடு.

ஊர் கூவியது. நான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நின்றேன். முதலில் வாய் திறந்தது மாமியார்தான்.

"ரெண்டு மணிக்கூறு மிஷின் பிடிச்ச ஆளுக்கு அறியல்ல, இவளுக்கு மட்டும் அறிஞ்சுது. நேரே போய்ச் சவுட்டிக் காட்டுறா! அண்ணன் போன காரியம் நடக்கல்ல, சாதனம் திரும்பி வந்துட்டு. கொண்டுபோய் வச்சிருக்கா, ஆக்கும்."

கூவல் நின்றுவிட்டது. யாரோ மாலையை வாங்கிப் பார்த்தார்கள். அறுபடவில்லை, கொளுத்து என்கிற கொக்கிதான் கழன்றிருந்தது. "அலையா கொளுத்து கழத்தும்?" என்றது ஒரு குரல். "ரெண்டு மாசம் உப்புவெள்ளத்துல கெடந்த சாதனமா இது? என்னா மினுக்கம்!" என்றது இன்னொன்று. ஆணியும் நங்கூரமும் ஒரு வாரத்தில் துருப்பிடித்துப் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். தங்கம் துருப்பிடிக்காது என்று மாமா சொன்னார். ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

"முதல் நாளே இந்த எடத்த நான் செல்லல்லியா?" என்று கத்தினேன்.

"செல்லாம இருப்பியா? அதுனாலதானே இஞ்ச கொண்டு வச்ச" என்றார் மாமியார்.

அப்போதுதான் வீட்டுக்காரர் வந்தார். எங்கள் ஊரில் சண்டை தமிழில் நடக்கும். நாலு பேர் கேட்கப் பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மலையாளம் வந்துவிடும். மாலையை வாங்கி, எல்லோரும் பார்க்க என் கழுத்தில் தானே மாட்டிவிட்டு, "சாரமில்லா. ஞான் க்ஷமிச்சு" என்றார்.

மன்னித்தாராம்! என்ன நல்ல மனுஷன் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று மதியம் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் பரிமாறினேன். அந்தச் சோற்றை அவர் தலையில் கவிழ்க்காமல் விட்டதை நினைத்து இன்றும் எனக்கு என்மேல் கோபம் உண்டு.

அண்ணனையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வரவில்லை. நான்தான் அம்மா வீட்டுக்குப் போனேன். யாரும் பக்கத்தில் இல்லாதபோது தாழ்ந்த குரலில் கேட்டான்.

"உள்ளது செல்லு மக்கா. எனக்குத் தரலாம்ணு நெனச்சு நீ ஒளிச்சு வச்சிருந்தியா?"

அவன் முகத்தில் கோபம் இல்லை, நன்றி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இல்லை என்றேன். நம்பினானா என்று தெரியாது, நான் பிறகு கேட்கவும் இல்லை.

அன்று இன்னும் அரைமணிநேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். மாமா தானாகவே சுற்றி அங்கே வந்திருப்பார். எனக்கே தெரியாததுபோல நான் வாயைப் பிளந்திருக்கலாம். தெரிந்ததைத் தெரியும் என்று காட்டியதுதான் நான் செய்த குற்றம்.

வீட்டுக்காரருக்கு இப்போது கண் சரியில்லை. கண்ணாடியை எங்காவது வைத்துவிட்டு, காலையிலிருந்து கட்டிலுக்கடியிலும் அலமாரியிலும் துழாவுகிறார்.

"எட்டி, எனக்க கண்ணாடியக் கண்டியா?"

"அறிஞ்சூடா" என்கிறேன், தெரியாதவள் மாதிரி.

கண்ணாடி ஜெபப் புத்தகத்துக்கு மேலேதான் இருக்கிறது. தேடட்டும்.